அம்மாவின் கடைசி பொத்தீட்சா

ரோசலி ஸ்ட்ருகலுக்கு வாய் நீளம். அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் ஈலி ஊர்த் தபாலாபீசின் ஜன்னலுக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவள். பார்சலைக் கையில் வாங்கும்போதே உள்ளே என்ன இருக்கிறது, அந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்பதுவரை சொல்லிவிடுவாள். புருஷன் போய்ச் சேர்ந்தான், வேலையிலிருந்தும் ஓய்வு கொடுத்தார்கள், வாய்க்கு மட்டும் ஓய்வில்லை. அதிலும் கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் ஒரே பேச்சுதான். அம்மா செய்யும் பொத்தீட்சா என்ற இனிப்புச் சுருள்.

ரோசலியைப் போன்ற ஸ்லோவேனியர் வீட்டில் பொத்தீட்சா இல்லாமல் கிறிஸ்துமஸ் கிடையாது. சாப்பாட்டு மேஜைமேல் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு, அதன்மேல் மாவை நாலு பக்கமும் இழுத்து மேஜை முழுக்கப் பரப்ப வேண்டும். அடியில் இருக்கும் விரிப்பின் பூக்கள் மாவு வழியாகத் தெரிந்தால்தான் அது மாவு. அப்புறம் வால்நட், தேன், பாலேடு கலந்த பூரணத்தைப் பூசி, பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி அடுப்பில் வைக்க வேண்டியது. ரோசலியின் அம்மா பெப்ஸா இதைச் செய்யும்போது சின்ன ரோசலி மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருப்பாள். சுற்றிலும் விரிப்பு தொங்கும், மேலே அம்மாவின் கைகள் போய்வரும் சத்தம் கேட்கும். உலகத்தில் அதைவிடப் பத்திரமான இடம் பிறகு அவளுக்குக் கிடைக்கவில்லை. அந்த ஏக்கம் உண்மைதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை வைத்து அடுத்தவளைக் குத்தியதுதான் குறை.

அடுத்தவள் என்பது தம்பி ரூடியின் மனைவி ஐலா. பின்லாந்துக்காரர் வீட்டுப் பெண். பெப்ஸா இறந்த பிறகு கிறிஸ்துமஸ் விருந்தும் பொத்தீட்சாவும் அவள் பொறுப்பாயின. ரோசலி வருஷா வருஷம் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, கூரையைப் பார்த்து யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வாள்.

“நல்லாத்தான் இருக்கு ஐலா. ரொட்டின்னு நெனச்சுக்கிட்டா ரொம்ப நல்லா இருக்கு.”

எல்லோரும் சிரிப்பார்கள். ஐலா காபியை ஊற்றிக்கொண்டே போய்விடுவாள்.

இந்த வருஷம் ரோசலி ஒருபடி மேலே போனாள். அவள் வீட்டு நிலவறையில் இருந்த ஃப்ரீசரில், மான்கறிக்கும் புளூபெர்ரிக்கும் அடியில், அம்மா கடைசியாகக் கொடுத்த பொத்தீட்சா அலுமினியத் தாளில் சுற்றியபடி கிடந்தது. வெட்ட மனம் வராமல் இத்தனை வருஷம் வைத்திருந்தாள். அதை முந்தின ராத்திரியே வெளியில் எடுத்து வைத்து, கிறிஸ்துமஸ் மத்தியானம் தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஐலா வெட்டி வைத்திருந்த தட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு தட்டில் அடுக்கினாள்.

“இதைத் தின்னுட்டு அதைத் தின்னுங்க. அப்பத் தெரியும் சேதி.”

முதல் துண்டை அவளே வாயில் போட்டாள். கண் நிறைந்துவிட்டது.

“இதுதான். எங்கம்மா கை. கோவிச்சுக்காத ஐலா, இதெல்லாம் ரத்தத்துல வரணும். உங்காளுங்களுக்கு மீன்தான் வரும்.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ரூடி முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

“ரெண்டும் ஒரே கைதான், ரோசலி.”

“ரூடி, வேணாம்” என்றாள் ஐலா.

“போதும் ஐலா, எத்தனை வருஷம் கேக்கறது? அம்மா கடைசி அஞ்சாறு வருஷம் மாவைத் தொடவே இல்ல ரோசலி. விரலே மடங்காது. நாற்காலியில உக்காந்து, இன்னும் மெல்லிசா, இன்னும் மெல்லிசான்னு இவளை விரட்டுவாங்க. இழுத்தது, சுருட்டினது, சுட்டது எல்லாம் இவ. நீ அழுதுக்கிட்டே தின்னியே, அதுவும் இவ செஞ்சதுதான்.”

“பொய்” என்றாள் ரோசலி. சொல்லும்போதே அது பொய்யில்லை என்று தெரிந்துவிட்டது. இரண்டு தட்டையும் பார்த்தாள். அதே சுருள், அதே நிறம். மாற்றி அடுக்கியிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்காது. மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

ஐலாவுக்கு வந்த கோபம் முழுக்கப் புருஷன்மேல்தான். “சொல்ல மாட்டேன்னு அவங்களுக்கு வாக்குக் குடுத்திருந்தேன். இப்படிப் போட்டு உடைச்சிட்டியே.”

“எதுக்கு என்கிட்ட மறைக்கணும்?” என்றாள் ரோசலி. குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

ஐலா சொல்லத் தயங்கினாள். “ரோசலி இந்தப் பொத்தீட்சாவுக்குத்தான் வர்றா, இதுவும் இல்லேன்னா வர மாட்டான்னு சொன்னாங்க.”

ரோசலியின் வீட்டுக்கும் அம்மாவின் வீட்டுக்கும் நடுவில் நாலு தெருதான். போவாள், வாசலில் கையுறையைக் கழற்றாமல் நின்று ஊர்வம்பு நாலு சொல்வாள், வந்துவிடுவாள். அம்மா இரண்டு கையையும் ஏப்ரனுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு கேட்பாள். வயசானதும் அம்மா கல்லாகிவிட்டாள், கட்டிப்பிடிக்கக்கூட மாட்டேன் என்கிறாள் என்று தபாலாபீசுக்கு வருபவர்களிடமெல்லாம் ரோசலி குறைபட்டிருக்கிறாள். இப்போது அதை நினைக்க உடம்பெல்லாம் கூசியது.

“எப்பலேருந்து கை அப்படி ஆச்சு?”

“விடு ரோசலி” என்றாள் ஐலா.

“சொல்லு.”

“ஒரு நன்றித் திருநாள் அன்னிக்கு உருளைக்கிழங்குப் பாத்திரத்தைக் கீழ போட்டாங்களே, அப்பவே ஆரம்பிச்சிடுச்சு.”

ரோசலிக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. இருபது பேருக்கு முன்னால், “எத்தனை கிளாஸ் ஊத்திக்கிட்ட அம்மா?” என்று கேட்டவள் அவள்தான். வீடே சிரித்தது, அம்மாவும் சிரித்தாள். பிறகு முழங்காலிட்டு, உடைந்த பீங்கானைப் புறங்கையால் தள்ளித் தள்ளி ஒன்று சேர்த்தாள். ரோசலி ஒயின் கிளாசோடு பக்கத்தில் நின்று, அங்கே ஒரு துண்டு கிடக்கிறது பார் என்று காலால் காட்டிக்கொண்டிருந்தாள்.