பதிவை நிறுத்தும் பக்கம்

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் ‘அப்புறம் அக்கா’ என்றுதான் சொல்வோம். நிரல் எழுதுபவர்கள் தாங்கள் செய்ததை விளக்கி முடித்து எழுந்திருக்கப் பார்க்கும்போது, பேனாவைக் கீழே வைக்காமல் “அப்புறம்?” என்பார். அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பயந்து மாடிப்படி வழியாக நழுவியவர்கள் உண்டு. எங்கள் மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது அவர் வேலை. அதற்கு முன் பதினோரு ஆண்டுகள், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் சீட்டுகளில் பிழை திருத்தியவர். யாரும் படிக்காத எழுத்தையும் தப்பில்லாமல் எழுதிப் பழகிய கை.

எங்கள் ஏஐ ஏஜென்ட்கள் மருத்துவமனைகளில் ஃபோன் எடுத்து, நோயாளிகளுக்கு டாக்டரைப் பார்க்க நேரம் ஒதுக்கித் தருபவை. நோயாளி என்ன சொன்னார், எந்தப் பட்டியலைத் திறந்தது, ஏன் அந்த நேரத்தைக் கொடுத்தது என்று ஒவ்வொரு படியையும் ஏஜென்ட் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். தவறு எங்கே என்று தேட அந்தத் தடப்பதிவு உதவும். எங்கள் சோதனை அறையில் அது வரம். மருத்துவமனைக்குப் போன பிறகோ, மூலம் முதல் மனக்கவலை வரை ஊரார் அந்தரங்கமெல்லாம் அந்தக் கோப்பில் சேர்ந்துகொண்டிருக்கும். அதனால் எங்கள் பொறியாளர் ஒருவர் பதிவை நிறுத்த ஒரு சிறு கருவி செய்தார்.

“ஒரு வரி போதும்க்கா. இந்தக் கட்டளைய அடிச்சா பதிவு நின்னுடும்னு போட்டுடுங்க,” என்றார்.

அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார். அப்புறம் நிம்மதிதான் என்று சிரித்துவிட்டுப் போனார் பொறியாளர்.

அக்கா அந்த வரியை எழுதவில்லை. தன் கணினியில் ஓர் ஏஜென்டை ஓடவிட்டுத் தானே நோயாளியாக ஃபோன் செய்தார். முழங்கால் வலி என்றார். கட்டளையை அடித்துவிட்டு மறுபடி அழைத்துக் காதில் இரைச்சல் என்றார். கோப்பைத் திறந்தால் முழங்காலும் இருந்தது, காதும் இருந்தது. எதிர் மேசையிலிருந்த எனக்கு மூன்று நாளில் அவருடைய இல்லாத நோய்களெல்லாம் மனப்பாடம். கடைசியில் விஷயம் பிடிபட்டது. கட்டளைக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் ஏஜென்ட்தான் எழுதாமல் இருந்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது எழுதிக்கொண்டே இருந்தது. பழைய பதிவுகளும் அப்படியே கிடந்தன.

இதையெல்லாம் பக்கத்தின் அடியில் எச்சரிக்கையாக எழுதி, வீட்டுக்காரரிடம் படிக்கக் கொடுத்தார். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கணினிப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். அவருக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும் என்பது அக்காவின் நம்பிக்கை. சாப்பாட்டு மேசையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு அவர் இரண்டு முறை படித்தார்.

“இத ஏன் கடைசியில வச்சிருக்க? ஆள் விழுந்த பிறகா பள்ளம் இருக்குன்னு சொல்லுவ?”

மறுநாள் எச்சரிக்கை முதல் வரிக்கு ஏறியது. மேலாளருக்கு முகம் சுருங்கியது. வாங்குபவர்கள் மிரண்டுவிடுவார்களே, நம் குறையை நாமே தம்பட்டம் அடிக்க வேண்டுமா என்று கேட்டார். அக்கா குரலை உயர்த்தவில்லை.

“கருவிய மாத்துங்க சார், நானே அந்த வரிய எடுத்துடறேன். கருவி இப்படி இருக்கிற வரைக்கும் வரியும் இருக்கட்டும்.”

இருந்தது.

ஒரு மாதம் கழித்து, சிறிய மருத்துவமனை ஒன்றின் தலைமை நர்ஸ் ஃபோன் செய்தார். முதல் வரியைப் படித்ததால்தான் ஏஜென்டை நிறுத்தித் திரும்பத் தொடங்கினாராம். நான்கு மாதப் பழைய பதிவுகளையும் கண்டுபிடித்து அழித்தாராம். ஆனால் அவர் அழைத்தது நன்றி சொல்ல அல்ல. இரண்டு நாளாக எல்லா நோயாளிகளுக்கும் காலை ஒன்பது மணியே ஒதுக்கப்படுகிறது, வரவேற்பறையில் நிற்க இடமில்லை. காரணம் தேட வேண்டுமானால் பதிவை மறுபடி தொடங்க வேண்டும். அது எப்படி என்று அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை.

அக்காவின் முகம் வாடியதைப் பார்த்தேன். சாக்குப்போக்கு எதுவும் சொல்லவில்லை.

“தப்பு என்னுதும்மா. நிறுத்தறதுலயே குறியா இருந்துட்டேன். ஃபோன வைக்காதீங்க, சேர்ந்தே செஞ்சிடலாம்.”

நாற்பது நிமிடம் ஆயிற்று. பதிவைத் தொடங்கிப் பார்த்ததில், ஏஜென்ட் போன மாதத்துக் காலி நேரப் பட்டியலைத் திறந்து, ஒன்பது மணி எப்போதும் காலி என்று நம்பிக்கொண்டிருந்தது தெரிந்தது. நர்ஸ் பட்டியலைச் சரிசெய்து, பதிவைத் திரும்ப நிறுத்தும்வரை, அக்கா ஒவ்வொரு படியையும் சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்தார். அதுதான் பக்கத்தின் பின்பாதி ஆயிற்று.

அடுத்த பதிப்பில் பொறியாளர் கருவியைத் திருத்தினார். ஓடிக்கொண்டிருக்கும் ஏஜென்டும் உடனே பதிவதை நிறுத்தியது. அக்கா மூன்று முறை சோதித்துவிட்டு, பழைய பதிவுகளை அழிக்கச் சொல்லும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, அவ்வளவு போராடிக் காத்த மீதி எச்சரிக்கையைத் தானே நீக்கிவிட்டார்.

அந்தப் பொறியாளர் இப்போதெல்லாம் எதையும் தொடங்கும் முன்பே நாற்காலியை இழுத்துக்கொண்டு அக்காவின் மேசைக்கு வந்துவிடுகிறார். போன வாரம் ஒரு புதுக் கருவியைப் பற்றி இருவரும் ஒரு மணி நேரம் பேசி, அது தேவையே இல்லை என்று முடிவுசெய்து, டீ குடிக்கப் போனார்கள்.