ஏற்கெனவே கழித்த மூன்று மாதம்

எடைமேடைக்காரரிடம் யாருடைய பருப்பும் வேகாது. லாரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். சரக்கு லாரியை மேடையில் ஏற்றி, படியில் தொற்றியிருக்கும் ஆளை இறக்கிவிட்டு, காலி வண்டியின் எடையைக் கழித்துச் சீட்டு எழுதுவார். இருபது வருஷமாக இதே வேலை. "அண்ணே, கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று இளிப்பவர்களிடம், "பார்த்துத்தான்யா போடறேன், அதான் உனக்கு வலிக்குது" என்பார். கழித்த எடையையே மறுபடி கழித்து எழுதிய குமாஸ்தா ஒருவரை வேலையை விட்டே அனுப்பியவர் அவர்.

கல்யாணமாகிப் பதினொரு வருஷத்துக்குப் பிறகு அவருக்கு ஒரு பெண் பிறந்தாள், மூன்று மாதம் முன்னதாகவே. தொள்ளாயிரம் கிராம். அவருடைய மேடை பத்து கிலோவுக்குக் குறைந்த எதையும் காட்டாது. கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களுக்கு நடுவே கிடந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அன்று பேனா பிடிக்கக் கை வரவில்லை.

எழுபது நாள் ஆன பிறகு பிள்ளையைக் கையில் கொடுத்தார்கள். மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது, கை கால் எப்படி வரும் என்பது போகப்போகத்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா. எந்தெந்த மாதம் பயிற்சிக்கு வர வேண்டும் என்று ஓர் அட்டையும் எழுதித் தந்தார்கள். சீக்கிரம் பிறந்த பிள்ளையின் வயதில் மூன்று மாதத்தைக் கழித்துத்தான் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும் என்று சிஸ்டர் சொன்னதும் அவருக்குப் போன உயிர் திரும்பியது. கழிப்பதுதானே அவர் பிழைப்பு!

அன்றிலிருந்து வீட்டில் ஒரே பாட்டு. பொடிசுக்கு இன்னும் தலை நிற்கவில்லையே என்று மனைவி கண்ணைக் கசக்கினால், "மூணைக் கழி, சரியா இருக்கும்" என்பார். அக்கம்பக்கத்தில் யாராவது நோண்டினால் அவளே கழித்துச் சொல்லி வாயை அடைப்பாள். பாவம், அந்த மூன்று மாதத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருவரும் சோறு தின்றார்கள், தூங்கினார்கள்.

கழுத்துப் பயிற்சிக்கு ஆறாம் மாதம் என்றது அட்டை. பிள்ளையின் வயதில் மூன்றைக் கழித்தால் ஆறு வரட்டும் என்று, அவர் ஒன்பதாம் மாதம் கூட்டிப்போனார். உட்காரும் பயிற்சிக்கு ஒன்பது என்றிருந்தது. பன்னிரண்டில் போனார். இடையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது, லாரி இரைச்சலுக்கு மேல், "இன்னும் நாள் இருக்கு சிஸ்டர்" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

இரண்டு வயது முடிந்த அன்று மனைவிக்குச் சலவைக்கடையில் லீவு கிடைக்கவில்லை. அவர் மட்டும் பொடிசைத் தூக்கிக்கொண்டு போனார். டாக்டரம்மா நிறுத்திப் பார்த்தார். கால்கள் விறைத்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

"இனிமே வயசுல அந்த மூணு மாசத்தைக் கழிச்சுப் பார்க்க மாட்டோங்க. ரெண்டு வயசு வரைக்கும்தான் அந்தக் கணக்கு."

"நடப்பாளா டாக்டர்?"

"தானா நடக்கறது ரொம்பக் கஷ்டம்." அட்டையைப் புரட்டியவர் நிமிர்ந்தார். "ஏங்க, ஒவ்வொரு பயிற்சிக்கும் மூணு மாசம் பிந்தி வந்திருக்கீங்க?"

"கழிச்சுப் பார்த்துத்தான் வந்தேன்."

"அந்த மூணை ஏற்கெனவே கழிச்சுப் பார்த்துத்தானே நாங்க அட்டையில மாசமே எழுதினோம்!"

அந்தக் குமாஸ்தாவின் முகம் எங்கிருந்தோ வந்து நின்றது.

"அப்பவே வந்திருந்தா...?"

"சொல்ல முடியாதுங்க. வந்திருந்தாலும் இப்படியே இருந்திருக்கலாம். கொஞ்சம் தேறியும் இருக்கலாம்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தக் 'கொஞ்சம்' எத்தனை என்று இனி எந்த மேடையும் அவருக்குச் சொல்லப்போவதில்லை. வழியெல்லாம் பொடிசு அவர் சட்டைப் பொத்தானைப் பிடிக்கப் பார்த்தது. விரல் மடங்கவில்லை.

வாசலிலேயே மனைவி பிள்ளையை வாங்கிக்கொண்டாள். "இப்ப எத்தனை மாசம்னு சொல்லணும்?"

"ரெண்டு வயசு."

"கழிக்கலையா?"

"இனிமே கழிக்கக் கூடாதாம். நடக்கறது கஷ்டம்னுட்டாங்க."

அவள் அழவில்லை. பிள்ளையின் விறைத்த காலைத் தடவிவிட்டாள். பிறகு கேட்டாள்: "நம்ம பக்கம் குறை ஒண்ணும் இல்லையேங்க? பயிற்சிக்கெல்லாம் சரியான மாசத்துலதானே போனோம்?"

இருபது வருஷமாக ஒரு கிலோகூடப் பொய் எழுதாதவர், சட்டைப்பையில் இருந்த அட்டையைக் கையால் மூடிக்கொண்டு, "போனோம்" என்றார்.