ஃப்ரீசர் பாக்ஸ் ஜோசுவா

ஒரகடம் கம்பெனியில் ஒப்பந்த வேலை முடிந்து மாகறலுக்குத் திரும்பிய ஜோசுவா, கொஞ்ச நாள் சும்மா அலைந்தான். காஞ்சிபுரத்தில் சாவு விழுந்தால் ஃப்ரீசர் பாக்ஸுக்கு ஜனங்கள் படும் பாட்டைப் பார்த்ததும் கடன் வாங்கி ஒரு பெட்டியும் பழைய குட்டியானை வண்டியும் வாங்கிவிட்டான்.

அப்பா அந்தோணி, அரசுப் பள்ளியில் அலுவலக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது.

"ஊர்ல எவன் செத்தாலும் எங்கப்பாருதான் மோளம் அடிச்சிக்கினு முன்னால போவணும். வேணாம்னு உதறிட்டு வந்து என்னைப் படிக்க வெச்சாரு. நீ திரும்பப் பொணத்துக்கிட்டயே போறியே."

"இது பிசினஸ்பா. போன் பண்ணிக் கேக்குறாங்க."

"அப்பவும் ஆள் உட்டுக் கேட்டுத்தான் கூட்டிக்கினு போனாங்க."

ஆனாலும் ஜோசுவா தொழிலைத் தொடங்கினான். பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்துப் பையன் சிவபாலனை வேலைக்கு வைத்தான். சிவபாலனுக்கு அது வெறும் வண்டி ஓட்டுகிற வேலை. போன வீட்டுக் கதையெல்லாம் சாப்பிட்டுக்கொண்டே சொல்லுவான். ஜோசுவாவுக்கு அது பொறாமையாக இருக்கும். போன் அடித்தாலே இவன் தோட்டத்துப் பக்கம் போய் மெதுவாகப் பேசுவான். உள்ளே அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

தங்கை நிச்சயதார்த்தத்துக்குச் சிவபாலன் லீவு போட்ட அன்று சின்ன காஞ்சிபுரத்திலிருந்து அழைப்பு வந்தது. தேவராஜன் என்கிற வாத்தியாரின் அப்பா இறந்துவிட்டார். அவருடைய தம்பி வெளிநாட்டிலிருந்து வரும்வரை உடலை வைத்திருக்க வேண்டும். வேறு டிரைவர் தேடி யாரும் சிக்காமல் ஜோசுவாவே போனான்.

"எந்த ஊருப்பா?" என்றார் தேவராஜன்.

"மாகறல்."

"மாகறல்ல எங்க?"

கேள்வியின் உள்ளர்த்தம் அவனுக்குத் தெரியும். கம்பெனியில் 'ஸ்கூல் பக்கம்' என்று சமாளித்து வந்தவன்.

"காலனி சார். ஒரு பக்கம் புடிங்க, உள்ள வெச்சிடலாம்."

அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிடித்தார். பெட்டியை வைத்து பிளக்கைச் சொருகும்போது கேட்டார்: "பரம்பரையா இதானா?"

"இல்ல சார். அப்பா கவர்மெண்ட் ஸ்கூல்ல வேல செஞ்சாரு. நான்தான் மொத ஆளு."

சொன்னது நிஜமா பொய்யா என்று திரும்பும் வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னான்.

"அவரும் புடிச்சாரா?" என்றார் அந்தோணி.

"புடிச்சாரு."

 "குளிச்சிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

இப்போது இரண்டாவது பெட்டியும் வந்துவிட்டது. வண்டியில் என்ன பெயர் எழுதுவது என்று பெயிண்டர் கேட்டபோது ஜோசுவா அப்பாவைப் பார்த்தான். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். போன் நம்பர் மட்டும் எழுதச் சொன்னான்.