வெள்ளையாக இருக்க வேண்டிய நூல்

என் மகள் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, காலையில் அவள் வண்டிச் சாவியை எடுத்தால் நான் குங்குமச் சிமிழை எடுத்துவிடுவேன். வியாசர்பாடியிலிருந்து மாதவரத்துக்கு ஸ்கூட்டரில் போகிறாள், வழியெல்லாம் லாரிகள். நானும் பட்டம் படித்தவள்தான். குங்குமம் லாரியை நிறுத்தாது என்று தெரியும். ஆனாலும் நெற்றியில் அழுத்தி வைத்து அனுப்பினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

“இன்னாம்மா, கோயில் தூணுக்கு வெக்கிற மாரி வெக்கிற” என்பாள். ஆனால் துடைக்க மாட்டாள்.

மீன் வறுவல், சிக்கன் பக்கோடா, மிளகாய்த்தூள் இவற்றில் தடை செய்த சாயம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை. கடையில் எடுத்த மாதிரிகள் பெயரில்லாமல், வெறும் எண்ணோடு வரும். மசாலாவைக் கரைத்து, லேசாக அமிலம் சேர்த்த நீரில் வெள்ளைக் கம்பளி நூலைப் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். மிளகாயின் சிவப்பு கழுவினால் போய்விடும்; சாயம் என்றால் நூலைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்துச் சோதனைக் குழாயில், மசாலா எதுவும் சேராத நீரிலும் ஒரு நூல் கொதிக்கும். அது வெள்ளையாகவே இருந்தாக வேண்டும்; நிறம் மாறினால் சோதனையில்தான் தவறு.

ஆடி மாதத்தில் ஒரு நாள் மீன் வறுவலின் நூல் ரோஸ் நிறத்தில் வந்தது. பக்கத்துக் குழாயின் நூலும் ரோஸ்.

அன்று மாலை செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று கேட்டாள்: “அந்தக் குங்குமத்தக் குடும்மா.”

“ஏன், இன்னா ஆச்சு?”

“நெத்தி வேர்வையத் தொடச்ச கையாலயே நூலப் பிரிச்சிட்டேன்னு நெனைக்கிறேன். யாரு குழாய ஒயுங்கா கழுவலன்னு மேடம் எல்லாரையும் கேட்டுகினு இருந்தாங்க. நான்தான் பண்ணிருப்பேன்னு சொல்லிட்டேன்.”

அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

“நீயா ஏண்டி வாயக் குடுத்த? பழி குழாய்மேலயே போவட்டும்னு வுட வேண்டிதுதானே?”

“குழாயக் கழுவிட்டு நாளிக்கு இதே நெத்தியோட நான்தானேம்மா மறுபடி செய்வேன்? மீன் நூல்ல மட்டும் அந்தக் கலரு ஒட்டிகினா போதும். மீன் விக்கிறவங்க மேல கேஸு போட்டுருவாங்க. அவங்க பொயப்பு இன்னா ஆவறது?”

சோதித்துப் பார்க்கக் குங்குமத்தில் கொஞ்சம் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். கோயில் வாசல் கடையில் நான் பார்த்துப் பார்த்து வாங்கியது. அதனால் யாரோ ஒருவர், முகம்கூடத் தெரியாதவர், தன் மீன் வறுவல் வண்டியையே இழந்திருப்பார்.

மறுநாள் வெறும் நெற்றியோடு போனாள். லாரி, வேலை, அந்த மீன் வண்டி என்று மூன்று பயமும் மாறி மாறி வர, பகல் முழுவதும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாகக் கூப்பிட்டாள்.

“ரெண்டு நூலும் வெள்ளைம்மா. மீன் பாஸு. உன் குங்குமந்தான் ஃபெயிலு.”

“மேடம் இன்னா சொன்னாங்க?”

“இனிமே எல்லாரும் மூஞ்சி கழுவிட்டுத்தான் உள்ள வரணுமாம். அத எழுதி மாட்டச் சொல்லிட்டாங்க. என்னியே எழுதச் சொன்னாங்க. எழுத்து நல்லாக் கீதாம்.”

சிரித்தாள். நான் அழுதுவிட்டேன். அவளைப் பெற்றதற்காக அவ்வளவு பெருமைப்பட்டது அன்றுதான்.

மாலையில் மெயின் ரோட்டுக்குப் போனேன். வரிசையாக மீன் வண்டிகள். கல்லில் மீனைப் போடும் சத்தம். சோதனைக்குப் போன மீன் எந்த வண்டியுடையது என்று எனக்குத் தெரியாது, என் மகளுக்கும் தெரியாது. அது இங்கே இருக்கிறதா என்பதும் தெரியாது. கடைசி வண்டியில் ஒரு அம்மாள், “இன்னாக்கா, சும்மா நின்னுகினு கீறே? வஞ்சிரமா, சங்கராவா?” என்றார். இரண்டும் கட்டச் சொன்னேன்.