‘கிர்ர்ர்’ என்று போன கல்யாணம்

வீடியோ நாடாவை வேகமாக ஓட்டும்போது எழும் ‘கிர்ர்ர்’ என்ற சத்தம் எனக்கு இன்றைக்கும் முத்தத்தின் சத்தமாகத்தான் கேட்கிறது.

வெளிநாடு வந்த புதிதில் வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்டில் ‘றிமோட்’ அப்பாவின் கையைவிட்டு இறங்கியதே இல்லை. “படம் பார்த்தாத்தான் பிள்ளையளுக்கு இங்கிலீசு வரும்” என்று சொல்லிக்கொண்டு பிளாசாவிலிருந்த வீடியோக் கடையில் ஒருநாள் அவர் வாடகைக்கு எடுத்துவந்த படம், றொக் அன்ட் றோல் பிறந்த காலத்துப் பாடகர் ஒருவரின் வாழ்க்கைக் கதை. நாடாப் பெட்டியின் மட்டையில் அந்த மனிதர் தலைநிறைய எண்ணெய் வைத்து வழித்து வாரியிருந்தது அப்பாவுக்குப் பிடித்துப்போயிற்று. “ஒழுக்கமான பெடியன் போலக் கிடக்கு” என்றார்.

ஒழுக்கமான பெடியன் கொஞ்ச நேரத்திலேயே சாப்பாட்டுக் கடையொன்றில் ஒரு பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். அவள் கிட்ட வந்தாள். ‘கிர்ர்ர்’. “உதெல்லாம் எங்களுக்குத் தேவையில்லை, பாட்டைப் பாருங்கோ” என்றார் அப்பா. அம்மா சுவர்க் காலண்டரைப் பார்த்தார். படம் மறுபடி ஒழுங்காக ஓடத் தொடங்கியபோது அந்தப் பெண்ணின் மடியில் குழந்தை இருந்தது. அதற்குப் பிறகும் அவள் அவர் பக்கம் திரும்பும்போதெல்லாம் நாடா பறந்ததால், நீளமான அந்தப் படம் எங்கள் வீட்டில் மட்டும் சீக்கிரம் முடிந்தது.

எனக்கு வந்த சிக்கல் வேறு. வகுப்பில் ஆளுக்கொரு பிரபலத்தின் வாழ்க்கையைச் சொல்லவேண்டும் என்றார்கள். நாட்டுக்குப் புதிது, வாயே திறக்காதவள் என்று பெயரெடுத்திருந்த நான், இந்த ஒருமுறையாவது மானத்தோடு பேசி முடிக்கவேண்டும் என்று இவரையே தேர்ந்தெடுத்துக் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஒருத்தி, அவர்கள் எப்படிக் கல்யாணம் செய்தார்கள் என்று கேட்டாள். அந்த இடம்தான் எங்கள் வீட்டில் ‘கிர்ர்ர்’ என்று போய்விட்டதே! பெண்ணின் மாமா பேச்சைத் தொடங்கினார், இரண்டு சாதகமும் பொருந்தின, பெரியவர்கள் கூடி நாள் வைத்தார்கள் என்று, எனக்குத் தெரிந்த ஒரே வழியில் அந்த றொக் அன்ட் றோல்காரருக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் மத்தியானம் சாப்பிடும்போது, முதல்முறையாக, என் பக்கத்தில் இருப்பதற்குச் சண்டை நடந்தது. எல்லோருக்கும் தங்கள் சாதகம் பார்க்கவேண்டுமாம்!

இப்போது அந்தக் கடையும் இல்லை, நாடாவும் இல்லை, அம்மாவும் இல்லை. போன மாதம் மில்லிக்கனில் என் வீட்டில் மகள் அந்தப் படத்தை எங்கிருந்தோ தேடிப்பிடித்துப் போட்டாள். ‘றிமோட்’ அவள் கையில். இந்தமுறை முழுதாகப் பார்த்தே தீருவது என்று அப்பாவுக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். சாப்பாட்டுக் கடை வந்தது. பெண் சிரித்தாள், கிட்ட வந்தாள். நாற்பதைத் தாண்டிய நான் எழுந்து குசினிக்கு ஓடினேன். முழங்கால் வலிக்கார அப்பா எனக்கு முன்னமே அங்கே நின்றார்.

“தண்ணி குடிக்க வந்தனான்” என்றார், கையில் கோப்பை இல்லாமல்.

“நான் தேத்தண்ணி போட வந்தனான்” என்றேன்.

இரண்டு பேரும் பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“அம்மா, அம்மப்பா, ஓகே, முடிஞ்சுது! வாங்கோ!” என்று மகள் கூப்பிட்டாள்.

நாங்கள் போய் உட்கார்ந்தபோது அந்தப் பெண்ணின் மடியில் குழந்தை இருந்தது.