கருவாடு மணந்த உரத்தொட்டி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்து கோணிக்கொண்டு போகும். எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்பதும் இப்போதெல்லாம் மறந்து மறந்து போகிறது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை எழுத உட்கார்ந்த பிறகே இரண்டு தடவை எழுந்துபோய்ப் பின்பக்கம் பார்த்துவிட்டு வந்தேன். தொட்டி நிற்கிறது.

அது தண்ணீர்த் தொட்டி இல்லை. குப்பையை மக்கவைத்து உரமாக்குகிற செங்கல் தொட்டி. இடுப்புக்குச் சற்று மேலே உயரம். நாலு சுவரிலும் காற்றுப் போக வர ஓட்டைகள். கட்ட வந்த கொத்தனாருக்கு அந்த ஓட்டைகள் பிடிக்கவே இல்லை.

"தொட்டின்னா தண்ணி நிக்கணும். இதுல என்ன நிக்கும்? நான் கட்டுனேன்னு மட்டும் வெளிய சொல்லிராதீங்க, என் பொழப்பு போயிரும்" என்றார்.

ஊராட்சியில் பெண்களைக் கூட்டி இந்தத் தொட்டியைப் பற்றிச் சொன்னார்கள். கடைசி வரிசையில் இருந்து கேட்டேன். சந்தேகம் கேட்கக் கூச்சம். வீட்டுக்கு வந்தும் பல நாள் மனதிலேயே வைத்திருந்து, பிறகு மகனிடம், "எனக்கும் ஒண்ணு கட்டித் தாயேன்" என்றேன். அவன் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறான். "அம்மா வாயத் தொறந்து கேட்டுட்டாளே!" என்று அந்த வாரமே செங்கல் இறக்கினான். இந்த வயது வரைக்கும் நான் எனக்கென்று கேட்டு வாங்கியது அது ஒன்றுதான்.

எங்கள் ஊர் புன்னைக்காயல் போகிற வழியில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். வெயில் அடித்தால் மண்ணில் வெள்ளை பூக்கும். வாழை வைத்தால் இலையோரம் கருகிக்கொண்டே வரும். தொட்டியில் எடுத்த முதல் உரத்தைப் போட்ட பிறகு ஒரு வாழைக் குருத்து ஓரம் கருகாமல் விரிந்தது. சமையலை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தொல்லை என்னவென்றால், தொட்டி நிற்கிற இடம். அடுத்த வீடு என் கொழுந்தனார் வீடு, காலமான என் வீட்டுக்காரருடைய தம்பி. நடுவில் சுவர் கிடையாது. எல்லைக்கு ஊன்றிய கற்களில் ஒன்று மணலுக்குள் போய்விட்டது. தொட்டி ஒரு செங்கல் அகலம் தன் பக்கம் வந்துவிட்டது என்று அவர் சொல்லுவார். நான் தொட்டிக்குத் தழை அள்ளப் போய்விடுவேன்.

போன வருடம் அவர் மகளுக்கு நிச்சயம் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் உள்நாட்டுப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள். நிச்சயத்துக்குச் சில நாள் முன்பு கொழுந்தனார் எல்லையருகே வந்து நின்றார்.

"மைனி, அன்னைக்கு மட்டும் இதுலேருந்து நாத்தம் வந்துச்சு, மறுநா காலையில கடப்பாரையோட வாரேன். என் பக்கத்த நான் உடைக்கேன். மிச்சம் நின்னா நிக்கட்டும், விழுந்தா விழட்டும்."

தலையாட்டினேன். அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அப்போதுதான் தொட்டியைப் புதிதாக நிரப்பியிருந்தோம். நறுக்கிய வாழைத்தண்டு, அதன்மேல் சாணிக்கரைசல், அடுக்களைக் கழிவு, தழை, மண் என்று அடுக்கடுக்காகப் போட்டோம். மேலாக, என் மருமகள் கொண்டுவந்த மீன் தலையும் குடலும். அவள் திரேஸ்புரத்துக் கடற்கரைப் பெண். என் மகன் விரும்பிக் கட்டியவள். தாய்வீட்டில் கருவாடு போடுகிற தொழில். மீன் கழிவுமேல் மண்ணைக் கனமாகப் போட்டு, சாணியும் மண்ணும் குழைத்து மெழுகிவிட்டால் நாற்றம் வெளியே வராது. உள்ளே சூடு ஏறும். ஓட்டை வழியாகக் கம்பியைச் செருகி எடுத்துத் தொட்டுப் பார்த்தால் கை பொறுக்காது. அப்படி இருந்தால் நன்றாக மக்குகிறது என்று அர்த்தம்.

இந்தத் தடவை அடியில் கம்பி சுட்டது. மேலே செருகினால் குளிர்ந்திருந்தது. காலையில் பார்ப்பேன், மதியம் பார்ப்பேன். காய்ந்துவிட்டதோ என்று நல்ல தண்ணீர் தெளித்தேன். மெழுகின இடம் ஒன்று புதிதாகத் தெரிந்தது. கேட்டதற்கு மருமகள், "வெடிச்சுக் கெடந்துச்சு அத்த, பூசிவிட்டேன்" என்றாள். மோந்து மோந்து பார்த்து என் மூக்கிலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

"ஏளா, நாறுதா?"

"இல்ல அத்த. நீங்க போயி இரிங்க. நீங்க நடக்கத பாத்து எனக்குத்தான் தல சுத்துது."

நிச்சயம் நடந்தது. தாம்பூலம் மாற்றி, முற்றத்துப் பந்தலில் சாப்பாடு. நான் பரிமாறுகிறவர்களுக்குப் பின்னால் அப்பளக் கூடையோடு நின்றேன். கடற்காற்று திரும்பியது. மாப்பிள்ளையின் அம்மா சாம்பார்ச் சோற்றில் கை வைத்தபடி காற்றை மோந்து பார்த்தார்கள்.

"யாரோ கருவாட்டுக் கொழம்பு கொதிக்க விட்டிருக்காவ. நமக்கு இங்கன சாம்பாராக்கும், அண்ணாச்சி?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. கொழுந்தனார் என்னைப் பார்த்தார். அவர் மனைவி சட்டென்று, "அது எங்க யக்கா மருமவ. கடக்கரப் பிள்ள. கருவாடு இல்லாம சோறு எறங்காது" என்றாள். எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என் மருமகள் செம்பை வைத்துவிட்டு வெளியே போனாள்.

எனக்குப் பதறியது. எங்கள் வீட்டில் அன்று அடுப்பே மூட்டவில்லை. நேரே தொட்டிக்குப் போனேன். மேல் வரிசை ஓட்டைகளில் ஏதோ மின்னியது. நகத்தால் சுரண்டி வாயில் வைத்தேன். கல்லுப்பு.

மருமகள் பின்னால் வந்து நின்றாள்.

"நாந்தான் போட்டேன் அத்த. நாறுச்சுன்னா உடைச்சிருவேன்னாரே. எங்க வீட்டுல மீனு கெடாம இருக்க உப்புதான போடுவோம்? உப்பளத்துல வாங்கி வச்ச மூடையில பாதி போட்டேன்."

கெட்டால்தானே உரம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. என் தொட்டியைக் காப்பாற்ற நினைத்து, என் தொட்டிக்குள்ளேயே கருவாடு போட்டிருக்கிறாள். நான் எத்தனை தடவை எழுந்து நடந்தேன் என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவளும் அவள்தான். "செம்ப எடுத்துட்டு வா. பந்திக்குத் தண்ணி வேணும்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலையில் கொழுந்தனார் கடப்பாரையோடு வந்தார். அவர் முதல் குத்துக்கு ஓங்கும்போது எப்படியோ குரல் வந்துவிட்டது.

"உள்ள அம்புட்டும் உப்பு. உடைச்சா உங்க பக்கந்தான் சரியும். உங்க எலுமிச்ச அங்கனதான் நிக்கி."

கடப்பாரை அப்படியே நின்றது. காய்க்கிற மரம் அது.

"உப்பா? குப்பையில எவன் உப்பு போட்டான்?"

"நாந்தான் மாமா" என்று மருமகள் முன்னால் வந்தாள். "நாறக்கூடாதுன்னீங்க. நாறுச்சா? சம்பந்தியம்மாவுக்கு நாக்குல எச்சிதான ஊறுச்சு?"

கொழுந்தனார் மனைவி அவர்கள் வீட்டுப் பின்வாசலிலிருந்து, "கேக்கா பாரு கேள்வி! பதில் சொல்லும்!" என்று சத்தம் போட்டுச் சிரித்தாள். பிறகு அவளே வந்து மருமகள் கையைப் பிடித்து, "நேத்து வாயி சும்மா இருக்கல ஏளா, மனசுல வச்சுக்காத" என்றாள்.

"சரி, காலி பண்ணுங்க. காலியானதும் உடைக்கேன்" என்றார் அவர். மேல் அடுக்கு இறுகிக் கிடந்ததால் அதே கடப்பாரையால் அவரே பெயர்த்தும் கொடுத்தார். உப்புப் பட்டதையெல்லாம் சாக்கில் கட்டி, ஒன்றும் முளைக்காத உப்பளத்து ஓரம் கொண்டுபோய்க் கொட்டினோம். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். அடியில் கரிப்பு இல்லை. நல்ல சூடு. அதை அப்படியே விட்டோம்.

மிச்சத்தையும் அள்ளிவையுங்கள், வெயில் தாழ வருகிறேன் என்று அவர் குளிக்கப் போனார். அவர் வீட்டுப் பின்பக்கம் நிச்சயப் பந்தியின் எச்சில் இலைகள் குவிந்து கிடந்தன. காய்த்தோலும் இருந்தது. மருமகளும் நானும் கூடை கூடையாக அள்ளினோம். அவர் மனைவி பார்த்தும் பார்க்காத மாதிரி துணி காயப்போட்டாள். சாணி தெளித்து, மண் போட்டு, மெழுகியும் முடித்துவிட்டோம். அவர் வந்து பார்த்தபோது தொட்டி நிறைந்திருந்தது. மெழுகின இடத்தை விரலால் தட்டிப் பார்த்தார்.

"காலியாவட்டும்" என்று போய்விட்டார்.

அன்றிலிருந்து தொட்டியை நான் காலியாக விட்டதில்லை. ஒரு பக்கம் உரம் அள்ளும்போதே மறுபக்கம் தழை போட்டுவிடுகிறேன். கடப்பாரை அவர் வீட்டுப் பின்வாசலில் சாத்தியே இருக்கிறது. கல்யாணம் நெருங்குகிறது. இப்போதும் எழுந்து போய்க் கம்பியைத் தொட்டுவிட்டு வந்தேன். சுடுகிறது.

நான் எழுதியதில் எது சரி, எது தப்பு என்று மருமகளோ, விவரம் தெரிந்த யாரோ பார்த்துத் திருத்த வேண்டும். தழை முதலா சாணி முதலா, உப்பு பாதி மூட்டையா அதற்கும் மேலா, எல்லாவற்றையும் பாருங்கள். எல்லைக் கல்லை மட்டும் தோண்டிப் பார்க்க வேண்டாம்.