எண்ணுக்கு முன்னால் ஒரு மூச்சு

ரோஸ்விதா டெட்மருக்கு எழுபத்தொரு வயது. அடுக்களைச் சுவரில், தலைக்கு மேலேயே கடிகாரம் தொங்கும். ஆனாலும் வீட்டில் தங்கிப் படிக்கும் மாணவர்களிடம்தான் மணி கேட்பாள். கிழவிக்குக் கண் போய்விட்டது என்று ஜெர்மனியின் மார்பூர்க் ஊரில் அவள் தெருக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை.

அவள் கணவர் ஹார்ட்மூட் ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொன்னவர். ஒரு செமஸ்டர் ஜெர்மன் படிக்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்காக மொழிப்பள்ளி பாடங்களை அவர் குரலில்தான் பதிவு செய்து வைத்திருந்தது. அவருக்கு நுரையீரல் சரியில்லை. எந்த எண்ணைச் சொல்லுமுன்னும் 'ஹ்' என்று ஒரு சின்ன மூச்சை உள்ளே இழுப்பார். ஜெர்மன் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று பிள்ளைகள் மூச்சையும் சேர்த்துப் படித்துக்கொண்டார்கள்.

அவர் செத்துப் பன்னிரண்டு வருஷம். கொரியாக்காரன் வாயிலும் பிரேசில்காரி வாயிலும் அந்த மூச்சு மட்டும் சாகவில்லை. பதிவில் கேட்டால் அது வெறும் பாடம். எதிரே உட்கார்ந்து உயிருள்ள ஒருவர் அந்த மூச்சை இழுத்தால்தான் ரோஸ்விதாவுக்கு அது அவர். அதற்காகத்தான் செமஸ்டருக்கு ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு மணி கேட்டாள்.

இந்த முறை வந்தவள் ஜார்ஜியா நாட்டுத் தமுனா. வெடுக்கென்று பேசுகிறவள். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எண்ணு சொல்றப்பல்லாம் எனக்கு மூச்சு வாங்குதாம், டெட்மர் அம்மா. வாத்தியாரம்மா எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. போன தடவை ரெண்டு மார்க்குல பெயிலு. வெள்ளிக்கிழமை பரீட்சையும் போச்சுன்னா ஊர்ல என் படிப்பே அவ்வளவுதான். தினமும் மணி கேக்கறீங்களே, ஒரு நாளாச்சும் திருத்தியிருக்கலாம்ல?"

ரோஸ்விதாவின் முகம் சுண்டிவிட்டது. மென்று முழுங்கி, கடைசியில் எல்லாவற்றையும் சொன்னாள்.

தமுனா அவளையே வெறித்துப் பார்த்தாள். "அப்போ இத்தனை நாளும் செத்தவருக்கா ரொட்டி போட்டீங்க?"

இந்த மூச்சும் போய்விட்டால் ஹார்ட்மூட் பூமியில் எங்கேயும் இல்லை. ஆனால் பிள்ளையின் முகத்தையும் பார்க்க முடியவில்லை. நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள்.

"எட்டு சொல்லு."

"ஹ்... எட்டு."

"உதட்டை மூடிக்கோ. உள்ள இழுக்காதே. இப்போ சொல்லு."

மூன்று நாளும் சாயங்காலம் அதுதான் வேலை. புருஷனுக்கு இரண்டாம் தடவை மண் போடுகிறோம் என்று அழுதாள், அழுதுகொண்டே திருத்தினாள். வியாழக்கிழமை தமுனா ஒன்றிலிருந்து இருபதுவரை ஒரு தடங்கலும் இல்லாமல் சொல்லி, சிரித்தாள். அதன் பிறகு 'ஹ்' என்று கேட்டது.

"பாத்தியா, மறுபடியும் இழுக்கறே."

"நான் இழுக்கலியே. நீங்கன்னு நினைச்சேன்."

இரண்டு பேரும் அசையவில்லை. மேசையின் மூன்றாவது பக்கம், காலி நாற்காலியிலிருந்து, இன்னொரு முறை வந்தது. இருபத்தொன்றைச் சொல்லப்போகிறவர் இழுக்கும் மூச்சு.

பன்னிரண்டு வருஷம் அதற்காக ஏங்கியவள்தான் ரோஸ்விதா. இப்போது அவரே வந்தபோது அவளுக்குப் பயம்தான் வந்தது. பெண்ணின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எண்ணு பொண்ணே. சத்தமா எண்ணு. நடுவுல அவருக்கு இடம் விடாதே."